வான்பரப்புத் தடையும் கட்டுப்பாட்டாளரின் மேசையும்

2025 மே 21 ஆம் திகதி டில்லியிலிருந்து ஸ்ரீநகருக்குச் சென்றுகொண்டிருந்த இண்டிகோ விமானம் ஒன்று, பதான்கோட் அருகே ஆலங்கட்டி மழைக்குள் சிக்கியது. அதில் 220 இற்கும் அதிகமானோர் இருந்தனர். முன்னால் இடிமேகம் திரண்டிருப்பதைக் கண்ட விமானிகள், இடப்பக்கமாக, அதாவது பாகிஸ்தான் எல்லைப் பக்கமாக விலகிச் செல்ல இந்திய விமானப்படையின் வடபகுதிக் கட்டுப்பாட்டு நிலையத்திடம் அனுமதி கேட்டனர். அனுமதி கிடைக்கவில்லை. அடுத்து லாகூரைக் கேட்டனர். அங்கும் மறுப்பு. திரும்பிவிட முயன்றபோது மேகம் மிக அருகில் வந்துவிட்டிருந்தது. விமானம் அதற்குள்ளாலேயே போனது.

தன்னியக்கச் செலுத்தி செயலிழந்து, ஒரு கட்டத்தில் நிமிடத்துக்கு 8,500 அடி வேகத்தில் விமானம் கீழிறங்கியதாக இந்திய சிவில் விமானப் போக்குவரத்துப் பணிப்பாளர் நாயகத்தின் அலுவலகம் பின்னர் தெரிவித்தது. மூக்குப் பகுதி உடைந்த நிலையில் விமானம் ஸ்ரீநகரில் தரையிறங்கியது. எவருக்கும் காயமில்லை.

பஹல்காம் தாக்குதலைத் தொடர்ந்து ஏப்ரல் 24 இல் பாகிஸ்தான் தனது வான்பரப்பை இந்திய விமானங்களுக்கு மூடியது. சில நாட்களில் இந்தியாவும் அவ்வாறே செய்தது. மே 10 இல் போர்நிறுத்தம் வந்தபோதும் தடை நீங்கவில்லை. தற்காலிகத் தடை என்ற பெயரிலேயே அது மாதத்துக்கு மாதம் நீடிக்கப்பட்டது.

இரண்டு நிலையங்களிலும் அன்று ஒலிவாங்கியின் முன் இருந்தவர்களைக் கல்நெஞ்சர்கள் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் தடையை விதித்தவர்கள் அவர்கள் அல்லர். இரு நாடுகளும் ஏவுகணை வீசிக்கொண்டு பதினொரு நாட்களே ஆகியிருந்தன. ஒரு விமானத்தை எல்லை தாண்ட விட்டால், கீழே வான்பாதுகாப்பு ராடாரைப் பார்த்துக்கொண்டிருப்பவர் அதை எப்படிப் புரிந்துகொள்வார் என்பதற்குக் கட்டுப்பாட்டாளரால் உத்தரவாதம் தர முடியாது. ‘ஆம்’ சொல்லும் அதிகாரம் அவரிடம் இல்லை. அதைப் பெற்றுக்கொள்ள நேரமும் இல்லை. விமானிகளும் அவ்வேளை வெறும் அனுமதியாகவே கேட்டிருந்தனர். அவசர நிலை அறிவிப்பு பின்னர் ஸ்ரீநகர் நிலையத்துக்கே சென்றது.

தடை ஒன்று வரும்போது கட்டுப்பாட்டாளரின் வேலை குறைவதில்லை. மூடிய பகுதியால் போகவேண்டிய விமானங்கள் பக்கத்துப் பாதைகளில் நெருங்குகின்றன. ஒரே உயரத்தைப் பலர் கேட்பார்கள். சுற்றுப்பாதை என்பதால் எரிபொருள் பற்றிய கவலை வரும். இராணுவத்துடனான தொலைபேசி அழைப்புகள் கூடும். எல்லாவற்றுக்கும் மேலாக, புயல் வந்தால் ஒதுக்கிவிட வழக்கமாக இருக்கும் வெற்றிடம் இருக்காது. வேலைப்பளு என்றால் திரையிலுள்ள விமானங்களின் எண்ணிக்கை மட்டுமல்ல. 2002 ஜூலை 1 இரவு ஜேர்மனியின் யூபர்லிங்கன் நகருக்கு மேலே இரு விமானங்கள் மோதி 71 பேர் இறந்தபோது, சூரிச் நிலையத்தில் ஒருவர் தனியாக இரண்டு மேசைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பராமரிப்பு வேலைக்காகப் பிரதான தொலைபேசி இணைப்பும் துண்டிக்கப்பட்டிருந்தது.

அப்படியானால் தடைகளே வேண்டாமா? அப்படிச் சொல்ல முடியாது. 1998 செப்டெம்பர் 29 இல் பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் விமானத்தில் 55 பேரைக் கடலில் இழந்த எங்களுக்கு, போர் நடக்கும் இடத்துக்கு மேலால் பறப்பதன் பொருளை எவரும் விளக்கத் தேவையில்லை. 2014 ஜூலையில் கிழக்கு உக்ரேனின் வான்பரப்பு 32,000 அடி வரை மட்டுமே மூடப்பட்டிருந்தது. எம்எச்17 விமானம் 33,000 அடியில் பறந்தது. தடையின்படி அது சரியான உயரம். வேறு விமானங்கள் இருந்ததால் நீப்ரோ கட்டுப்பாட்டாளர்கள் அதனை 35,000 அடிக்கு ஏறும்படி கேட்டதும், விமானிகள் இயலாது என்றதும் விசாரணையில் பதிவாகியுள்ளன. விமானங்களுக்கிடையிலான இடைவெளியே அவர்களின் கவலை. ஏவுகணை அவர்களின் திரையில் இல்லை. 298 பேர் இறந்தனர். முன்னெச்சரிக்கையாக முழு வான்பரப்பையும் மூடுவதற்குப் போதிய காரணம் உக்ரேனிடம் இருந்தது என்று நெதர்லாந்து பாதுகாப்புச் சபை 2015 இல் முடிவு செய்தது.

உக்ரேனில் தடை போதவில்லை. பதான்கோட்டில் தடைக்குள் ஒரு கதவு இருக்கவில்லை. இரண்டு இடத்திலும் கோட்டை வரைந்தவர்கள் அரசுகள்; பயணிகளுடன் பேசிக்கொண்டிருந்த விமானிக்குப் பதில் சொல்லவேண்டியிருந்தவர் பணிமுறையில் இருந்த கட்டுப்பாட்டாளர். இந்தியாவும் பாகிஸ்தானும் தடையை ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும், புயலுக்காக எத்தனை கிலோமீற்றர் வரை விலக விடலாம், அதை எந்தத் தொலைபேசியில் யார் யாருக்குச் சொல்வது, வான்பாதுகாப்புப் பிரிவுக்கு எத்தனை விநாடிக்குள் தெரிவிப்பது என்று இரு பக்கமும் முன்கூட்டியே எழுதிக்கொள்ளலாம். இதற்கு நட்புறவு வேண்டியதில்லை. எதிரிகளாக இருந்துகொண்டே செய்யக்கூடிய காரியம்தான். மே 21 அன்று லாகூரில் இருந்தவரின் மேசையில் அப்படியொரு தாள் இருந்திருந்தால், அவர் வேறு பதில் சொல்லியிருக்கலாம்.