உ.வே.சா. ஏடுகளுக்கு நிரந்தர நிதி
பழந்தமிழ் ஏடுகளைத் தேடிப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையரின் பிறந்தநாளான பிப்ரவரி 19 தமிழ் இலக்கிய மறுமலர்ச்சி நாளாகக் கொண்டாடப்படும் என்ற தமிழக அரசின் அறிவிப்பை வரவேற்கிறோம். அதோடு, சென்னை பெசன்ட் நகரில் உள்ள அவரது பெயரிலான நூல் நிலையத்துக்கு ஆண்டுதோறும் நிரந்தர நிதியும் ஒதுக்கப்பட வேண்டும். அவர் மறைந்த மறு ஆண்டு, 1943இல், ருக்மிணி தேவி அருண்டேலின் முயற்சியால் தொடங்கப்பட்ட இந்நிலையம் 2,000க்கும் மேற்பட்ட ஓலைச்சுவடிகளையும், அறிஞர்கள் அவருக்கு எழுதிய கடிதங்களையும் காத்துவருகிறது. கடலோர ஈரக்காற்று ஓலைக்குப் பகை. ஏடுகளைத் துடைத்து, எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவி, படமெடுத்துப் பட்டியலிடுவது பயிற்சி பெற்ற கைகள் இடைவிடாது செய்யவேண்டிய வேலை. அவ்வப்போது வரும் நன்கொடையை நம்பி அதை நடத்த இயலாது. திருவல்லிக்கேணியில் அவர் வாழ்ந்த ‘தியாகராஜ விலாசம்’ 2012இல் இடிக்கப்பட்டதை இந்நகரம் தடுக்கத் தவறியது. அந்த வெட்கம் இன்னும் ஆறவில்லை. வீடு போய்விட்டது, ஏடுகள் இருக்கின்றன. அடுத்த நிதிநிலை அறிக்கையிலேயே தமிழ் வளர்ச்சித் துறையின் கீழ் இதற்கெனத் தனித்தொகை ஒதுக்கி, சுவடிகள் அனைத்தின் மின்படிகளையும் எவரும் கட்டணமின்றிப் படிக்க அரசு வழிசெய்ய வேண்டும்.