நேர்ச்சை யாருடையது?

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 29 ஆம் நாள் வேளாங்கண்ணியில் கொடியேறுகிறது. அன்னையின் பிறப்பு விழாவாகிய செப்டம்பர் 8 வரை, காவி உடுத்துக் கால் நடையாய் வரும் மக்களால் சாலைகள் நிறைகின்றன. அவர்களுள் பெரும்பாலோர் ஏதேனும் ஒரு நேர்ச்சையைச் செலுத்தவே வருகின்றனர். முடி இறக்குவோர் சிலர். மணற்பாதையில் முழந்தாளிட்டு நகர்வோர் சிலர். நோய் நீங்கிய கண்ணுக்கும் காலுக்கும் வெள்ளியில் உருச்செய்து காணிக்கையிடுவோர் சிலர். இந்தப் பக்தியை எள்ளி நகையாட நாம் எழுதுகோலை எடுக்கவில்லை. பூண்டியிலும் உவரியிலும் ஓரியூரிலும் இதே மக்களையே காண்கிறோம். அவர்களுடைய கண்ணீர் பொய்யன்று என்பதையும் அறிவோம்.

ஆயினும் ஒரு கேள்வியை நம்மில் எவரும் கேட்பதில்லை. செலுத்தப்படும் இந்த நேர்ச்சை யாருடையது? நேர்ந்தவர் ஒருவர், செலுத்துபவர் வேறொருவர் என்னும் நிலை நம் இல்லங்களில் எத்தனை இயல்பாகிவிட்டது! பிள்ளை பிழைத்தால் அதைக் கன்னியர் மடத்திற்கே கொடுத்துவிடுவதாகத் தாய் நேர்ந்துகொள்கிறாள். பதினெட்டு ஆண்டுகள் கழிந்து அந்தப் பெண் பெட்டி படுக்கையோடு மடத்து வாயிலில் நிற்கிறாள். மூத்த மகனைக் குருவாக்குவதாகத் தந்தை வாக்களிக்கிறார். மகனோ குருமடத்தில் ஆண்டுகளை எண்ணிக்கொண்டிருக்கிறான். இறந்துபோன பாட்டி நேர்ந்த அசனத்தைப் பேரன் வட்டிக்குக் கடன் வாங்கி நடத்துகிறான். வீட்டில் ஒருவர் நோயுற்றால், எந்த நேர்ச்சை பாக்கி என்ற விசாரணை தொடங்கிவிடுகிறது. பாக்கி! கடைக்காரர் கணக்குப் புத்தகத்துச் சொல்லன்றோ இது? இது எப்படி நம் செபத்திற்குள் நுழைந்தது?

இதற்கு மூவர் மூன்று விடை தருகின்றனர். நேர்ந்தது நேர்ந்ததுதான், மீறினால் தெய்வக்குற்றம் என்பர் பெரியோர். எளிய மக்களின் நம்பிக்கை, அதில் கைவைக்காதீர்கள் என்பர் நம் உடன் குருக்களுள் சிலர். நேர்ச்சை என்பதே மூடநம்பிக்கை, மொத்தமாக ஒழியட்டும் என்பர் படித்த இளைஞர். மூவரும் ஒரே பிழையையே செய்கின்றனர் என்பது நம் துணிபு. நேர்ச்சை என்றால் என்னவென்பதை மூவருமே மறந்துவிட்டனர்.

நேர்ச்சை என்பது, இயலக்கூடியதும் மேலானதுமான ஒரு நன்மையைக் குறித்து, நன்கு எண்ணிப் பார்த்து, முழு விடுதலையோடு, இறைவனுக்கு ஒருவர் கொடுக்கும் வாக்குறுதி. இது நம் சொந்தச் சொல்லன்று. 1983 ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு 1191 ஆம் எண்ணில் கூறுவதன் சாரம். கடுமையான, நீதியற்ற அச்சத்தை ஒருவர் மீது சுமத்தியோ, வஞ்சகத்தாலோ பெறப்பட்ட நேர்ச்சை சட்டத்தாலேயே செல்லாது என்றும் அதே எண் தொடர்ந்து உரைக்கிறது. 1193 ஆம் எண் இன்னும் தெளிவானது: நேர்ச்சை தன் இயல்பிலேயே, அதைச் செய்தவரை மட்டுமே கட்டுப்படுத்தும். தாயின் நேர்ச்சை தாயைக் கட்டும், மகளைக் கட்டாது. பாட்டியின் நேர்ச்சை பாட்டியோடு முடிந்தது. இவ்வளவு தெளிவான சட்டத்தை நம் மறையுரைகளில் எத்தனை முறை விளக்கியிருப்போம்?

சட்டத்திற்கு முன்னரே இறையியல் இதைச் சொல்லிவிட்டது. புனித தாமஸ் அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில் நேர்ச்சையைப் பற்றி விரிவாக ஆய்கிறார். ஒரு நற்செயலைச் செய்பவன் மரத்தின் கனியை மட்டும் கொடுக்கிறான். அதை நேர்ந்து செய்பவனோ கனியோடு மரத்தையும் சேர்த்துக் கொடுக்கிறான் என்பது, புனித ஆன்செல்மைத் தழுவி அவர் காட்டும் உவமை. செயலை மட்டுமன்றிச் செயலுக்கு வேரான விருப்பத்தையே இறைவனிடம் ஒப்படைப்பதால் நேர்ச்சை உயர்ந்தது. அப்படியானால், அடுத்தவர் தோட்டத்து மரத்தை நாம் எப்படிக் கொடுக்க முடியும்? மகளின் விருப்பம் மகளின் தோட்டத்தில் வளர்வது. தாய் அதற்கு நீர் ஊற்றலாம், வேலி கட்டலாம், வேரோடு பிடுங்கிப் பிறரிடம் நீட்ட அவளுக்கு உரிமை இல்லை, அந்தப் பிறர் இறைவனாகவே இருப்பினும்.

விருப்புரிமை என்பது நவீன காலத்தார் நம் மீது திணித்த சரக்கு என்று எவரேனும் கருதினால் அது அறியாமை. 1524 இல் எராஸ்முஸ் அதற்காக எழுதினார். அடுத்த ஆண்டே மார்ட்டின் லூத்தர் அதை மறுத்து நூல் செய்தார். 1547 சனவரியில் திரெந்துப் பொதுச்சங்கம் தன் ஆறாம் அமர்வில், ஆதாமின் பாவத்தால் மனிதரின் விருப்புரிமை அழிந்துபோயிற்று என்பாரைக் கண்டித்தது. அருள் முந்துகிறது, மனிதர் அதற்கு இசைகிறார், இசைய மறுக்கவும் அவரால் கூடும். இதுவே கத்தோலிக்கக் கொள்கை. விசுவாசச் செயல் தன் இயல்பிலேயே கட்டற்றது என்று 1965 டிசம்பர் 7 ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் சமய விடுதலை பற்றிய அறிக்கையில் மொழிந்தது. கொள்கையில் விருப்புரிமைக்காக வாதாடிவிட்டு, வீட்டிற்குள் விதிக்கு விளக்கேற்றுவது எவ்வகையில் பொருந்தும்?

அச்சத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். நேர்ச்சையைச் செலுத்தாவிடில் மாதா சும்மா விடமாட்டாள் என்று சொல்லப்படுவதைக் கேட்கிறோம். யாரைப் பற்றி இப்படிப் பேசுகிறோம்? மார்ச் 25 ஆம் நாள் நாம் கொண்டாடும் திருநாளை நினைத்துப் பாருங்கள். உலகைப் படைத்தவர் நாசரேத்து ஊரின் ஓர் ஏழைப் பெண்ணிடம் தூதரை அனுப்பி, அவளுடைய விடைக்காகக் காத்திருந்தார். அவள் பெற்றோரை அழைத்து முடித்துவிடவில்லை. அவளுடைய ஐயத்தையும் கேள்வியையும் பொறுத்துக்கொண்டு, அவள் வாயினின்றே இசைவைப் பெற்றார். இவ்வாறு மதிக்கப்பட்ட ஓர் அன்னை, இன்னொரு பெண்ணின் இசைவைப் பறித்துக்கொண்டு வரும்படி கேட்பாளா? தவணை தவறினால் நோயை ஏவும் வட்டிக்காரியாக அவளை வரைவது பக்தியன்று, பழிச்சொல்.

விவிலியத்தில் பிறர் செலவில் நேர்ந்த ஒருவரைக் காண்கிறோம். இப்தா போரில் வென்றால், தன் வீட்டு வாயிலினின்று முதலில் வருவதை எரிபலியாக்குவதாக வாக்களித்தான்; வந்தவள் ஒரே மகள். புனித எரோணிமுசின் கருத்தை எடுத்தாளும் தாமஸ், அவன் நேர்ந்ததில் அறிவின்மையும் நிறைவேற்றியதில் இறைப்பற்றின்மையும் இருந்தன என்கிறார். நேர்ந்தது நேர்ந்ததுதான் என்பாருக்கு இதைவிடக் கடுமையான மறுமொழி வேண்டுமோ?

உடனே அன்னாவைக் காட்டுவர். அவள் சாமுவேலைப் பிறக்குமுன்னரே ஆண்டவருக்கு நேர்ந்தாள் அல்லவா? ஆம், நேர்ந்தாள். ஆனால் கதையை அங்கேயே நிறுத்திவிடக் கூடாது. சீலோவில் இரவில் ஆண்டவர் அந்தச் சிறுவனைப் பெயர் சொல்லி அழைக்கிறார். ஒருமுறையன்று, மீண்டும் மீண்டும் அழைக்கிறார். தாயின் நேர்ச்சை போதுமெனில் இந்த அழைப்பு எதற்கு? அன்னா பிள்ளையைக் கோவில் வாசல்வரை கொண்டுவந்தாள். அதற்கு மேல் பேசியவர் ஆண்டவர், விடை சொன்னவன் சாமுவேல்.

திருச்சபையின் வரலாறு இதில் எப்போதும் தெளிவாயிருந்தது என்று நாம் சொல்லமாட்டோம். 633 இல் கூடிய தொலேதோ சங்கம், ஒருவரைத் துறவியாக்குவது அவருடைய சொந்த வாக்கோ தந்தையின் பக்தியோ எனக் கூறி, இரண்டையும் ஒரே தட்டில் வைத்தது. ஒன்பதாம் நூற்றாண்டில் கோட்சால்க் என்னும் சாக்சானியச் சிறுவனை அவன் குடும்பம் புல்டா மடத்திற்குக் கொடுத்துவிட்டது. வளர்ந்தபின் அவன் விடுதலை கேட்டான்; 829 இல் மைன்சு நகரச் சங்கம் அவனுக்குச் செவிசாய்த்தது; மடத் தலைவர் ராபானுஸ் மவுருசோ எதிர்த்து நின்றார். மடம் மாறினும் கோட்சால்க் துறவியாகவே வாழவேண்டியதாயிற்று. பிற்காலத்தில் அவர், நல்லோரின் மீட்பும் தீயோரின் அழிவும் முன்னரே குறிக்கப்பட்டுவிட்டன என்று போதித்து, 849 இல் கண்டிக்கப்பட்டுச் சிறைப்பட்டார். ஒன்றினால்தான் மற்றொன்று விளைந்தது என நாம் துணிந்து கூறோம். ஆயினும், தன் வாழ்வு தன்னைக் கேளாமலே தீர்க்கப்பட்டுவிட்ட ஒருவர், எல்லாம் முன்னரே தீர்க்கப்பட்டுவிட்டது எனப் போதித்தது நம்மைச் சிந்திக்க வைக்கவேண்டும்.

திருச்சபை பாடம் கற்றது. 1563 இல் திரெந்துச் சங்கம், ஒரு பெண்ணை அவள் விருப்பத்திற்கு மாறாக மடத்தில் சேர்ப்பவரைச் சபைவிலக்கால் தண்டித்தது. இன்றைய சட்டத்தில் வன்முறையாலும் கடும் அச்சத்தாலும் வஞ்சகத்தாலும் நவகன்னியர் பயிற்சிக்கு வருவோரின் சேர்க்கை செல்லாது, வார்த்தைப்பாடும் செல்லாது. குருப்பட்டத்திற்கு ஒருவரை வற்புறுத்துவதை 1026 ஆம் எண் முற்றிலும் தடைசெய்கிறது. தாயின் கண்ணீரும் வற்புறுத்தலின் ஒரு வடிவம்தான் என்பதை நம் குருமட அதிபர்களும் மடத் தலைவியரும் மறக்கலாகாது. அழைத்தல் குறைந்துவருகிறது என்னும் கவலை, அழையாதவர்களைச் சேர்த்துக்கொள்ள உரிமம் ஆகாது.

இங்கே கூர்மையான வாசகர் ஒருவர் கேட்பார்: குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுக்கும்போது யார் அதன் விருப்பத்தைக் கேட்டது? நல்ல கேள்வி. திருமுழுக்கில் குழந்தைக்குக் கொடுக்கப்படுகிறது, அதனிடமிருந்து எடுக்கப்படுவதில்லை. பாலூட்டும் தாய் பிள்ளையின் இசைவுக்குக் காத்திருப்பதில்லை. ஆனால் அதன் வாழ்வை அடகு வைக்க அவளுக்கு அதிகாரமில்லை. மேலும், பெற்றோர் சொன்ன வாக்கைப் பாஸ்கா இரவில் மெழுகுதிரியோடு நின்று நாமே நம் வாயால் புதுப்பிக்கிறோம். 1951 இல் பன்னிரண்டாம் பயஸ் அந்தத் திருவிழிப்பை மீட்டமைத்தபோது இந்தப் புதுப்பித்தலுக்கும் அதில் இடமளித்தார். தந்தை நட்ட கன்றுக்கு மகனே நீர் ஊற்றவேண்டும் என்பதே அதன் பொருள்.

நேர்ச்சையே வேண்டாம் என்னும் இளைஞருக்கும் ஒரு சொல். எதற்கும் கட்டுப்படாமலிருப்பதே விடுதலை என்று யார் உங்களுக்குக் கற்பித்தது? மணமேடையில் ஒருவர் கொடுக்கும் வாக்கு, அவருடைய விடுதலையின் முடிவா, முதிர்ச்சியா? வேளாங்கண்ணிக் கரையை அடைந்த போர்த்துக்கீசியர் கதையை மரபு நமக்குச் சொல்கிறது. புயலில் சிக்கியவர்கள் அன்னைக்குக் கோவில் கட்டுவதாக நேர்ந்தனர், செப்டம்பர் 8 அன்று கரை சேர்ந்தனர், தாங்களே கட்டினர். கடல் அச்சுறுத்தியது உண்மை. ஆனால் எந்த மனிதரும் அவர்களை மிரட்டி அந்த வாக்கை வாங்கவில்லை. தாங்கள் நேர்ந்ததைத் தங்கள் பொருளாலும் உழைப்பாலும் செலுத்தினர். நேர்ச்சையின் முழு அழகும் இதுவே.

எஞ்சி நிற்பது பங்குத்தந்தையராகிய நம் கடமை. தனிப்பட்ட நேர்ச்சையினின்று தக்க காரணத்தோடு, பிறர் உரிமைக்கு ஊறு நேராதவாறு விலக்களிக்கும் அதிகாரத்தை 1196 ஆம் எண் பங்குத்தந்தைக்கு அளித்துள்ளது. நேர்ந்தவர் தாமே அதை அதற்கு இணையான அல்லது மேலான நன்மையாக மாற்றிக்கொள்ளலாம் என்று 1197 ஆம் எண் இடம் தருகிறது. கடன்பட்டு அசனம் நடத்துவதைவிட, அந்த மனிதர் ஓர் ஏழைப் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தைத் தம்மால் இயன்ற அளவு செலுத்தலாமே! இந்த வாயில் திறந்திருப்பது மக்களுக்குத் தெரியாது. நாம் சொல்லவில்லை. ஏன்? உண்டியலின் ஓசை நம் நாவைக் கட்டிவிட்டதோ? பெற்றோரைப் பேணவேண்டிய பொருளைக் கொர்பான் என்று கூறிக் கோவிலுக்கு ஒதுக்கியவர்களையும் அதை அனுமதித்தவர்களையும் ஆண்டவர் சாடியதை மாற்கு ஏழாம் அதிகாரத்தில் வாசித்துவிட்டு, அடுத்த ஞாயிறே அறிவிப்புப் பலகையில் நேர்ச்சைக் கட்டணப் பட்டியலை மட்டும் தொங்கவிடுவது நமக்கு உறுத்தவேண்டாமா?

ஆகவே நவநாள்கள் தொடங்குமுன் ஒவ்வொரு பங்கிலும் பீடத்தினின்று மூன்று செய்திகள் அறிவிக்கப்படட்டும். பிறர் உங்களுக்காகச் செய்த நேர்ச்சை உங்களைக் கட்டாது. செலுத்த இயலாத நேர்ச்சையோடு அஞ்சி வாழாதீர்கள், பங்குத்தந்தையிடம் வாருங்கள். உங்கள் பிள்ளையை நேர்ந்திருந்தால், இன்றே அப்பிள்ளையிடம், நீ விரும்பினால் மட்டும் போ என்று சொல்லுங்கள். இந்த மூன்றையும் கேட்டபின்னும் மடத்தின் படியேறும் பெண், யாருடைய கடனையும் தீர்க்க வருபவள் அல்லள். தன் மரத்தைத் தானே கொடுக்க வருபவள். அத்தகைய ஒருத்தி நம் மறைமாவட்டத்திற்குப் போதும்.