கண்ணில் ஊசியா? பயம் வேண்டாம், சுத்தம் வேண்டும்!

தூத்துக்குடிக் கடலில் வாழும் முத்துச்சிப்பிக்குள் அந்நியப் பொருள் ஏதாவது புகுந்தால், சிப்பி அதை மூடி மூடி முத்தாக்கிவிடும். மனிதனின் கண்ணுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. கண்ணுக்குள் கிருமி புகுந்தால், சில நாட்களிலேயே பார்வை பறிபோகலாம்!

சர்க்கரை வியாதியாலும் முதுமையாலும் விழித்திரை கெட்டவர்களுக்கு, இன்று கண்ணுக்குள்ளேயே ஊசி போடுகிறார்கள். மருந்தின் அளவு 0.05 மில்லிதான். பலருக்குப் பார்வை தேறுகிறது. ஆயிரக்கணக்கான ஊசிகளில் ஒன்றில்தான் கிருமி புகுகிறது. ஆனால் அந்த ஒரு கண் நம் தாயின் கண்ணாக இருந்தால்?

கிருமி வரும் வழி

முதல் வழி, நம் இமையும் கண்ணின் மேற்பரப்பும். இதற்கு 5 சதவீத பொவிடோன் அயோடின் என்ற பழுப்பு நிறச் சொட்டு மருந்து இருக்கிறது. விலை அதிகமில்லை. சற்று எரியும். பொறுத்துக்கொள்ளுங்கள்! கிருமி சாக அதற்குச் சிறிது நேரமும் வேண்டும். டாக்டரை அவசரப்படுத்தாதீர்கள்.

இரண்டாவது வழி, வாய். பேசினால் எச்சில் தெறிக்கும். ஊசி போடுகிறவர் முகமூடி அணியவேண்டும். அந்த நேரத்தில் யாருமே பேசக்கூடாது.

மூன்றாவது வழி, மருந்துப் புட்டி. பெவாசிசுமாப் என்ற மருந்தின் ஒரே புட்டியைப் பலருக்குப் பிரித்துக் கொடுப்பதுண்டு. அதனால் செலவு குறைகிறது. ஏழைகளுக்கு நல்லதுதான். ஆனால் பிரிக்கும் இடத்தில் அசுத்தம் இருந்தால், ஒரே நாளில் பல கண்கள் கெடும்.

ஏழை என்றால் இளப்பமா?

2008-ல் விழுப்புரம் மாவட்டத்தில் நடந்த இலவச முகாமில் சேர்ந்து, கண்புரை ஆபரேஷன் செய்துகொண்ட 66 பேர், கிருமி தொற்றிப் பார்வை இழந்தார்கள். அது ஊசி அல்ல. ஆனாலும் பாடம் ஒன்றே. இலவசம் என்பதற்காகச் சுத்தத்தில் குறை வைக்கக்கூடாது.

எட்டயபுரம் பக்கம் வடமலாபுரத்தில் 1918-ல் பிறந்த டாக்டர் வெங்கடசாமி, 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். ஏழைக்கும் தரமான சிகிச்சை தரமுடியும் என்று செய்து காட்டினார். நம் மண்ணில் பிறந்தவர் காட்டிய வழி இருக்கும்போது, சாக்குச் சொல்லலாமா?

"பழுப்புச் சொட்டு விட்டாச்சா? மருந்தைச் சுத்தமான இடத்தில் பிரித்தார்களா?" என்று பணிவாகக் கேளுங்கள். கேட்பது குற்றமல்ல, உரிமை!

வீட்டுக்கு வந்தபின் கண்ணைக் கசக்காதீர்கள். வலி கூடினாலோ, சிவப்பு ஏறினாலோ, பார்வை மங்கினாலோ, நாளைக்கு என்று தள்ளாதீர்கள். இரவானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள்!