மூச்சுவழி காக்க: கீழச்சிவல்பட்டி மக்களின் கோரிக்கைச் சாசனம்

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும், சிவகங்கை மாவட்ட நிர்வாகத்துக்கும், அறுவை சிகிச்சை நடக்கும் அரசு, தனியார் மருத்துவமனைகள் அனைத்துக்கும் கீழச்சிவல்பட்டிப் பொதுமக்கள் முன்வைப்பது:

பெரிய ஆப்பரேஷன் என்றால் நாங்கள் திருப்பத்தூருக்கோ காரைக்குடிக்கோ சிவகங்கைக்கோ மதுரைக்கோ போகிறோம். எங்கே போனாலும், முழு மயக்கம் கொடுத்ததும் பெரும்பாலும் நோயாளியின் சொந்த மூச்சு அடங்கிவிடும். மயக்க மருந்து டாக்டர்தான் குழாய் செருகி மூச்சுக் கொடுக்கிறார். குழாய் இறங்காமல், முகமூடி வழியாகவும் காற்று போகாவிட்டால் மூளை தாங்குவது சில நிமிடங்களே. அப்போது செய்யவேண்டியதை அகில இந்திய கடின மூச்சுவழிச் சங்கம் 2016-லேயே படிப்படியாக வகுத்துவிட்டது. அந்த வழிமுறை ஒரு தியேட்டரில் இருப்பதும் இன்னொன்றில் இல்லாததும் எங்கள் தலைவிதியாக இருக்கக் கூடாது. அரசு விதியாக வேண்டும்.

எங்கள் கோரிக்கைகள்:

1. முன்பரிசோதனை: திட்டமிட்ட ஆப்பரேஷனுக்கு முந்தைய நாளே வாய் எவ்வளவு திறக்கிறது, கழுத்து நிமிர்கிறதா, தாடை, பல் எப்படி என்று பார்த்து எழுத வேண்டும். நாக்கை நீட்டச் சொல்லித் தொண்டையைப் பார்க்கும் முறையை, இந்தியாவில் பிறந்த டாக்டர் மல்லம்பட்டி 1985-இல் வெளியிட்டார். அதற்குக் காசு செலவில்லை. பாக்கு மெல்லும் பழக்கம் வாயைத் திறக்க முடியாதபடி இறுக்கிவிடும் என்பதால் அதையும் கேட்டறிய வேண்டும்.

2. கேப்னோகிராஃப்: குழாய் மூச்சுக்குழாயில் இருக்கிறதா, உணவுக்குழாயில் இருக்கிறதா என்பதை வெளிவரும் கரியமில வாயுவை அளந்து உடனே காட்டும் கருவி இது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் தாமதமாகத்தான் எச்சரிக்கும். தியேட்டரிலும், ஐசியுவிலும், குழாய் செருகும் அவசரப் பிரிவிலும் கேப்னோகிராஃப் கட்டாயமாக வேண்டும்.

3. அவசர டிராலி: தொண்டைக்குள் பார்க்க உதவும் வீடியோ லாரிங்கோஸ்கோப், குழாய்க்கு வழிகாட்டும் பூஜி, குரல்வளை மேல் அமரும் லாரிஞ்சியல் மாஸ்க், கழுத்து வழியே காற்றுப்பாதை திறக்கும் கருவிகள் எல்லாம் ஒரே வண்டியில், எல்லா மருத்துவமனைகளிலும் ஒரே வரிசையில் இருக்க வேண்டும். அரசு மருத்துவமனைகளுக்குத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வழங்கட்டும்.

4. சுவரில் விதி, செவிலியருக்குக் குரல்: மூன்று முறைக்கு மேல் குழாய் செருக முயலக் கூடாது, உதவிக்கு உடனே ஆள் கூப்பிட வேண்டும் என்பதைத் தியேட்டர் சுவரில் எழுதி வைக்க வேண்டும். 2005-இல் இங்கிலாந்தில் எலைன் புரோமிலி என்ற பெண், சாதாரண சைனஸ் ஆப்பரேஷனுக்குப் போய் உயிரிழந்தார். அனுபவமுள்ள டாக்டர்கள் குழாய் செருகும் முயற்சியிலேயே மூழ்கியிருந்தார்கள். கழுத்தில் துளையிடும் கருவிகளை ஒரு செவிலியர் கொண்டுவந்தும் பயன்படவில்லை. ஆகவே "போதும், அடுத்த வழி" என்று சொல்லும் உரிமை செவிலியருக்கு எழுத்தில் வேண்டும்.

5. பயிற்சி: கழுத்து வழியே காற்றுப்பாதை திறப்பது டாக்டர்களுக்கே அபூர்வமாக வரும் வேலை. கை மறக்காமலிருக்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை பொம்மையில் பழக வேண்டும். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி இதற்கு மாவட்ட மையமாகட்டும்.

6. எச்சரிக்கை அட்டை: ஒருவருக்குக் குழாய் செருகச் சிரமப்பட்டால் என்ன சிரமம், எந்த வழி பலித்தது என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி வீட்டாரிடம் தர வேண்டும். அடுத்த டாக்டர் இருட்டில் துழாவக் கூடாது.

எங்கள் பங்கு: முந்தைய ஆப்பரேஷன், வெற்றிலை பாக்கு, குறட்டை எதையும் மறைக்க மாட்டோம். சொன்னபடி வெறும் வயிற்றோடு வருவோம். "உங்கள் மூச்சுவழி கடினம், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்று சொல்லும் டாக்டரைத் திறமை இல்லாதவர் என்று ஏச மாட்டோம். அவர் உயிர் காத்தவர் என்றே மதிப்போம்.

ஒவ்வொரு கோரிக்கையும் எந்த மருத்துவமனையில், எந்தத் தேதிக்குள் நிறைவேறும் என்று எழுத்தில் பதில் தாருங்கள். எங்கள் வீட்டுப் பிள்ளையை ஸ்ட்ரெச்சரில் உள்ளே அனுப்பிவிட்டு வாசலில் நிற்கும்போது, கதவுக்கு அந்தப் பக்கம் எல்லாம் தயாராக இருக்கிறது என்று நாங்கள் அறிந்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
கீழச்சிவல்பட்டிப் பொதுமக்கள்