தலைவலிக்கு ஒரு குறிப்பேடு

சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் ஒரு மாணவன், "ஐயா, கண் முன்னே ரம்பப் பற்கள்போல் ஒளிக்கோடு மின்னுகிறது, கரும்பலகையில் பாதி மறைகிறது" என்றான். தேர்வுக்குப் பயந்து நடிக்கிறான் என்று எண்ணினேன். தவறு என்னுடையதே.

ஒற்றைத் தலைவலி உள்ளவர்களில் சிலருக்கு வலிக்கு முன் இவ்வாறு தோன்றுவதுண்டு. அமெரிக்க உளவியல் அறிஞர் கார்ல் லேஷ்லிக்கும் தோன்றியது. அவர் அந்தக் கோடு நகர்வதை அவ்வப்போது தாளில் வரைந்து, நேரத்தையும் குறித்தார். மூளையின் பார்வைப் பகுதியில் ஏதோ ஒன்று நிமிடத்திற்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வேகத்தில் பரவுகிறது என்று 1941இல் கணக்கிட்டுக் கூறினார். 1944இல் பிரேசில் நாட்டு அறிஞர் லெயாவோ, முயலின் மூளையில் நரம்புச் செல்களைச் சற்று நேரம் அடங்கச் செய்யும் ஓர் அலையைக் கண்டார். அதன் வேகமும் ஏறக்குறைய அதுவே! பின்வந்தோர் இரண்டையும் இணைத்துப் பார்த்தனர்.

இந்நோய் ஸ்கேன் படத்தில் பெரும்பாலும் தெரியாது. ஆகவே நோயாளியின் குறிப்பே மருத்துவருக்குச் சிறந்த சான்று. தலைவலி வந்த நாள், நேரம், முந்தைய இரவின் தூக்கம், தவறிய உணவு, விழுங்கிய மாத்திரை ஆகியவற்றை எழுதி வையுங்கள். மருத்துவர் தந்த மாத்திரையை வலியின் தொடக்கத்திலேயே உட்கொண்டால் பயன் மிகுதி. ஆனால் மாதந்தோறும் 10, 15 நாள் விழுங்கினால் மாத்திரையே தலைவலியை வளர்க்கும். அடிக்கடி வருவோர்க்குத் தடுப்பு மருந்துகளும் உண்டு.

உங்கள் நண்பன் தலையைப் பிடித்துக்கொண்டால் நகைக்காதீர்கள். இருண்ட, அமைதியான இடத்தில் படுக்க வையுங்கள். கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக் கொடுங்கள். நான் அன்று செய்யத் தவறியது அதுதான்.