நெகிரி செம்பிலான் தோட்டப் பள்ளிகள்: நிலம் ஒருவரிடம், பிள்ளைகள் இன்னொருவரிடம், முடிவு யாரிடம்?

சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் பக்கமோ பகாவ் பக்கமோ போகும்போது தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப் பலகைகளைக் கவனித்திருக்கிறீர்களா? லாடாங் சுவா பெத்தோங், லாடாங் கெர்பி, லாடாங் ஜெராம் பாடாங், லாடாங் ரீஜண்ட். பல இடங்களில் லயத்து வீடுகள் காலியாகிவிட்டன, பால்மரம் போய் செம்பனை வந்துவிட்டது, இளையவர்கள் டவுனுக்கு வந்தாச்சு. தோட்டத்தின் பெயர் மட்டும் பள்ளிப் பலகையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மாநிலத்தில் ஏறக்குறைய 60 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் நிறைய இந்த ரகம்தான்.

இவற்றைப் பற்றிப் பேச்சு வந்தாலே ஒரு வாக்கியம் தவறாமல் காதில் விழும்: பள்ளி, பெற்றோர், சமூகம் மூன்றும் கைகோக்க வேண்டும். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் யார் கையில் என்ன அதிகாரம் இருக்கிறது என்று தெரியாமல் எப்படிக் கைகோப்பது?

சட்டம் கட்டிவைத்த உறவு

இந்தப் பள்ளிகள் எப்படி வந்தன என்பதிலிருந்து தொடங்குவோம். 1923 தொழிலாளர் சட்டம் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய கூட்டு மலாய் மாநிலங்களுக்காகக் கொண்டுவரப்பட்டது. ஒரு தோட்டத்தில் 7 முதல் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் 10 பேர் இருந்தால் முதலாளி பள்ளி அமைத்துத் தர வேண்டும் என்றது அந்தச் சட்டம். தமிழ்ப் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று துரைமாருக்கு வந்த திடீர் ஆசை இல்லை அது. பள்ளி இருந்தால் குடும்பம் தோட்டத்திலேயே தங்கும், வேலைக்கு ஆள் குறையாது.

அதனால் அன்றைய 'கூட்டுறவு' ஒருவழிப் பாதையாக இருந்தது. நிலம், கொட்டகை எல்லாம் கம்பெனி கொடுத்தது. சில தோட்டங்களில் கிராணியோ கங்காணியோதான் பாடம் சொல்லிக் கொடுத்தார். பள்ளி வாரியம் என்று ஒன்று வந்தபோது, தோட்ட நிர்வாகியே அதன் தலைவராக இருப்பது வழக்கமானது. பெற்றோர் பிள்ளையை அனுப்பினார்கள், அவ்வளவுதான். தங்களுக்கும் ஒரு சொல் இருக்கிறது என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

1957-ல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 520-க்குச் சற்று மேல். இந்தச் சரிவின் பெரிய காரணங்களில் ஒன்று தோட்டத் துண்டாடல். 1950-களிலும் 60-களிலும் ஐரோப்பிய உரிமையாளர்கள் தோட்டங்களை விற்றபோது, வாங்கியவர்கள் அவற்றைச் சிறு சிறு துண்டுகளாக்கி மறுபடி விற்றார்கள். வேலை போனது, வீடு போனது, பல இடங்களில் பள்ளியும் போனது.

அப்போது வந்த ஒரு பதிலை இன்றைய இளையவர்கள் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். 1960-ல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதி கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளி கட்டி 100 வெள்ளிப் பங்கு வாங்கினார்கள். அந்தப் பணத்தில் கெடா மாநிலத்தில் உள்ள புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. அந்தக் கூட்டுறவு பின்னாளில் எப்படி நடந்தது என்பது வேறு விவாதம். தோட்டத்தில் உதவி வாங்குபவராக இருந்த குடும்பம், முதல் தடவையாகப் பங்குதாரராகக் கையெழுத்துப் போட்டது என்பதுதான் இங்கே முக்கியம்.

ஒரு பள்ளி, நான்கு தரப்பு

இன்றைக்கு வருவோம். நாட்டின் தமிழ்ப்பள்ளிகளில் பாதிக்கும் மேற்பட்டவை பகுதி உதவி பெறும் பள்ளிகள். அதாவது, ஆசிரியர் சம்பளத்தையும் மாணவர் எண்ணிக்கைப்படி வரும் மானியத்தையும் கல்வி அமைச்சு கொடுக்கிறது. நிலம் மட்டும் அரசாங்கத்துடையது அல்ல. தோட்டப் பள்ளி என்றால் அது பெரும்பாலும் தோட்டக் கம்பெனியுடையது. கூரை ஒழுகினால் வாளி வைப்பது யார் என்பதில் சந்தேகமே இல்லை, தலைமையாசிரியர்தான். கூரையை மாற்றுவது யார் என்பதில்தான் இழுபறி வரும்.

நடுவில் இரண்டு அமைப்புகள் இருக்கின்றன. நம்மில் பலர் இரண்டையும் ஒன்றாகவே போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். முதலாவது பெற்றோர் ஆசிரியர் சங்கம், பி.ஐ.பி.ஜி. 1996 கல்விச் சட்டத்தின் கீழ் 1998-ல் வந்த விதிமுறைகள்படி இயங்குவது. நன்கொடை திரட்டலாம், நிகழ்ச்சி நடத்தலாம், கருத்துச் சொல்லலாம். பள்ளி நிர்வாகத்தில் தலையிட முடியாது. இரண்டாவது பள்ளி மேலாளர் வாரியம், எல்.பி.எஸ். பகுதி உதவி பெறும் பள்ளியில் நிலம், கட்டடம் பற்றிப் பேச்சுவார்த்தை என்றால் அந்த மேசையில் உட்கார வேண்டியது வாரியம்தான்.

இப்போ ஒன்று யோசித்துப் பாருங்க. உங்கள் ஊர்ப் பள்ளியின் பி.ஐ.பி.ஜி. தலைவர் யார் என்று கேட்டால் அம்மா டக்கென்று பெயர் சொல்லிடுவாங்க. வாட்ஸ்அப் குழுவில் தினமும் வருகிறவர்தானே. வாரியத் தலைவர் யார் என்று கேளுங்கள். பெரும்பாலான வீடுகளில் பதில் வராது. என் பார்வையில் தோட்டப் பள்ளிகளின் பெரிய ஓட்டை இதுதான். குடும்பங்கள் நிறைந்திருக்கும் இடத்தில் அதிகாரம் குறைவு, அதிகாரம் இருக்கும் இடம் குடும்பங்களின் கண்ணிலேயே படுவதில்லை.

நிலம் கைமாறும்போது

சாதாரண நாளில் இந்த ஓட்டையை வைத்துக்கொண்டே காலம் தள்ளிவிடலாம். நெகிரி செம்பிலானில் இப்போது நடப்பது சாதாரணமானதல்ல. 2018 இறுதியில் தொடங்கிவைக்கப்பட்ட மலேசிய விஷன் வேலி 2.0 திட்டம் சிரம்பான், போர்ட்டிக்சன் மாவட்டங்களில் 1 லட்சத்து 53 ஆயிரம் ஹெக்டருக்கும் மேற்பட்ட பரப்பைத் தன் எல்லைக்குள் கொண்டுவருகிறது. லாபு, நீலாய் சுற்றுவட்டாரத்தில் செம்பனை நின்ற நிலம் தொழிற்பேட்டையாகவும் புதுக் குடியிருப்பாகவும் மாறிவருகிறது.

வளர்ச்சி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. தோட்டத்தில் பிறந்தவர்களின் பிள்ளைகளுக்கு செனவாங், நீலாய் தொழிற்சாலைகள்தானே சோறு போடுகின்றன. கேள்வி பள்ளியைப் பற்றியது. தோட்டத்தில் குடும்பங்கள் குறைந்தால் மாணவர் எண்ணிக்கை குறையும். 150-க்குக் கீழே போனால் அது 'குறைந்த மாணவர் பள்ளி'. நாட்டின் தமிழ்ப்பள்ளிகளில் பாதிக்கு மேல் ஏற்கெனவே அந்தப் பட்டியலில்தான் இருக்கின்றன. இன்னும் குறைந்தால் இரண்டு வகுப்புகளை ஒன்றாக வைத்து நடத்துவார்கள். பிறகு, பள்ளியின் உரிமத்தை மக்கள் நிறைந்த தாமானுக்கு மாற்றலாமா என்ற பேச்சு வரும்.

மாற்றுவது பல நேரங்களில் சரியான முடிவுதான். பள்ளி சாகாமல் பிழைக்கிறது, புதுக் கட்டடம் கிடைக்கிறது. ஆனால் தோட்டத்தில் மிச்சமிருக்கும் 15 குடும்பங்களின் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? வேன் கட்டணம் யார் கொடுப்பது? பழைய பள்ளி நிலம் யாருக்குத் திரும்பும்? புதுப் பள்ளிக்கு எத்தனை ஏக்கர், யார் பெயரில்? இதையெல்லாம் மாற்றத்துக்கு முன்பே எழுத்தில் வாங்க வேண்டும். கம்பெனி அதிகாரி வாய்மொழியாகச் சொன்ன வாக்கு, அவர் வேறு தோட்டத்துக்கு மாற்றலாகும் அன்றோடு முடிந்துவிடும்.

கோத்தோங் ரோயோங் மட்டும் போதுமா?

பள்ளி, குடும்பம், சமூகம் சேர்ந்து இயங்குவதை அமெரிக்க ஆய்வாளர் ஜாய்ஸ் எப்ஸ்டீன் ஆறு வகையாகப் பிரித்தார். வீட்டில் பிள்ளை வளர்ப்பு, பள்ளியோடு தகவல் பரிமாற்றம், தன்னார்வ உழைப்பு, வீட்டில் கற்றல், முடிவெடுப்பதில் பங்கு, வெளி அமைப்புகளோடு கூட்டு. நம் தோட்டப் பள்ளிகளை இதில் வைத்துப் பாருங்கள். தன்னார்வ உழைப்பில் நம்மை அடிச்சுக்க ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கோத்தோங் ரோயோங் என்றால் அண்டா குண்டாவோடு வந்து நிற்பார்கள். முடிவெடுப்பதில்தான் ஆள் இல்லை.

அரசாங்கமும் இந்தப் பக்கம் யோசிக்காமல் இல்லை. 2013-2025 கல்வி மேம்பாட்டுத் திட்டத்தின் ஒன்பதாவது மாற்றமே பெற்றோர், சமூகம், தனியார் துறையோடு பரந்த அளவில் கூட்டுச் சேர்வதுதான். 'சாரானா இபு பாப்பா' என்ற பெற்றோர் கையேடும் அதிலிருந்து வந்தது. அதன் கவனம் பெரும்பாலும் வீட்டில் படிக்கும் சூழல், பிள்ளையோடு பேசுவது, பாடத்தில் உதவுவது ஆகியவற்றில். நல்ல விஷயங்கள்தான். ஆனால் தொழிற்சாலையில் 12 மணி நேர ஷிப்டு முடித்து வரும் அம்மாவிடம் 'பிள்ளையோடு உட்காருங்கள்' என்று சொல்வது சுலபம், கூட்டத்தை அவர் வரக்கூடிய நேரத்தில் வைப்பதுதான் கஷ்டம்.

2021-ல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு ரத்தானது இந்தச் சிக்கலைக் கூட்டியது. முன்பு '8ஏ' என்றால் பாட்டிக்குக்கூடப் புரிந்தது. இப்போது அறிக்கையில் 1 முதல் 6 வரை தேர்ச்சி நிலை என்று எண் வருகிறது. அது என்ன சொல்கிறது என்று ஆசிரியர் உட்கார்ந்து விளக்கினால்தான் வீட்டில் புரியும்.

தமிழ்நாட்டில் வேறு ஒரு வழி இருக்கிறது. இந்தியாவின் 2009 கல்வி உரிமைச் சட்டப்படி, அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும். பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தை எழுதுவதே அந்தக் குழுவின் வேலை. எல்லா ஊரிலும் அது ஒழுங்காக நடக்கிறது என்று சொல்ல வரவில்லை. ஆனால் அம்மாக்களுக்கு அங்கே உட்கார நாற்காலியைச் சட்டமே போட்டு வைத்திருக்கிறது.

நம்மிடமும் முன்மாதிரி இல்லாமல் போகவில்லை. 1982-ல் டாக்டர் தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையத்தில் பல்கலைக்கழக மாணவர்கள் வார இறுதிகளில் பாடம் நடத்தினார்கள். அங்கே படித்தவர்களில் பலர் பிறகு அங்கேயே பாடம் நடத்த வந்தார்கள். அதற்கு யாருடைய நிலமும் தேவைப்படவில்லை.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? தோட்டத்தில் படித்து இப்போது சிரம்பானிலோ கோலாலம்பூரிலோ வேலை பார்ப்பவர் என்றால், முன்னாள் மாணவராக வாரியத்தில் இடம் கேட்கலாம். பள்ளி நிற்கும் லாட் எண் தெரிந்தால், மாவட்ட நில அலுவலகத்தில் கட்டணம் கட்டி நில உரிமையாளர் யார் என்று யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைப் பிரித்து விற்க, தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவின் கீழ் தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும். பள்ளிக்கான நிலத்தைத் தனியாகப் பிரித்துத் தரச் சொல்லி எழுத வேண்டுமானால், அந்த விண்ணப்பம் போவதற்கு முன்பே கடிதம் போக வேண்டும். அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர், அம்மாவுக்குப் பெயர் தெரியாத அந்த வாரியத் தலைவர்.