டம்மிக்கும் தோள் இறங்கட்டும்

முப்பது வருஷம் இடது தோளில் கைப்பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸில் ஆபீஸ் போனவள் நான். அந்தத் தோள் கொஞ்சம் இறங்கிவிட்டது. யாரிடம் தைக்கக் கொடுத்தாலும் ரவிக்கை இடப்பக்கம் நழுவும். "உங்க உடம்புதாம்மா கோணல்" என்று ஒரு டெய்லர் சொல்லியே விட்டார்.

ஓய்வுக்குப் பிறகு தையல் வகுப்பில் சேர்ந்தேன். அங்கே துணியை மடித்துப் போட்டு, மார்பளவில் நாலில் ஒன்று கணக்கு வைத்து வெட்டச் சொன்னார்கள். மடித்து வெட்டினால் இரண்டு தோளும் ஒரே மாதிரிதானே வரும்?

ஒரு டம்மி வாங்கினேன். (தலையில்லாத அதைப் பார்த்து ராத்திரியில் என் வீட்டுக்காரர் அலறியது தனிக்கதை.) வலது தோளில் பஞ்சு வைத்து உயர்த்தி, இடுப்பில் பழைய துண்டைச் சுற்றி, அதை என்னைப் போல ஆக்கினேன். காடாத் துணியை நீள இழை நேராக விழும்படி போர்த்திக் குண்டூசி குத்தினேன். இடது தோளிலிருந்து அக்குள் பக்கம் சாய்வாக மடிப்பு விழுந்தது. தோள் தையலில் அரை அங்குலம் பிடித்ததும் மடிப்பு மறைந்தது. இத்தனை வருஷம் எந்த டேப்பும் இதைச் சொல்லவில்லை!

கணக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. வகுப்பில் ஒரு நாளாவது டம்மிமேல் துணி போர்த்தக் கற்றுத்தரலாம். நம் வயதில் யாருக்கு இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறது?

ரவிக்கை இப்போது நழுவுவதில்லை. கைதான் சரியாக உட்காரவில்லை. நேற்று மறுபடி பிரித்துவிட்டேன்.